மீசை திற, மீசை மூடு

அண்ணே, கால ஆட்டாதீங்க. பெஞ்சு ஆடுது. பெஞ்சு ஆடுனா இது மடியில வழுக்குது. வழுக்கி மூடி விழுந்துச்சுன்னா எங்க மாமா மாட்டிக்குவாரு. சும்மா சொல்லலண்ணே, நெசமாவே மாட்டிக்குவாரு.

அட, கண்ணத் தொறக்காதீங்க. இப்பத்தான சொட்டு மருந்து விட்டுட்டுப் போச்சு அந்தச் சிஸ்டர்? தொறந்தீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து விடும். எங்க மாமா ஒருதடவ தொறந்துட்டாரு. அது வஞ்சது வாசல் வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுச்சு. நீங்க பாட்டுக்கு மூடிக்கிட்டே இருங்க. உங்க பேரக் கூப்பிட்டா நான் தட்டி எழுப்புறேன். நான் எங்கயும் போக மாட்டேன். போக முடியாது.

மடியில என்னவா? லேப்டாப்பு. மாமாவோடது. மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு, ஜெகதீசன்னு பேரு. உள்ள போட்டோ எடுக்கப் போயிருக்காரு. ஆள எடுக்குற போட்டோ இல்ல, கண்ணுக்குள்ள எடுக்குறது. வர நேரமாகும். அதுவரைக்கும் இத மூடாம, தூங்க விடாம வெச்சிருக்கணும். அதான் என் வேலை.

லேப்டாப்புன்னு சொன்னாலும் இது முழு லேப்டாப்பு இல்லண்ணே. கையில வாங்கிப் பாத்தீங்கன்னா தெரியும், பரீட்சை அட்ட கனம்தான் இருக்கும். உள்ள ஒண்ணும் கிடையாது. ஒரு புரோகிராம் ஏத்த முடியாது, ஒரு படம் ஏத்தி வெக்க முடியாது. ஆன் பண்ணா இன்டர்நெட் பாக்குற பிரவுசர் வரும், அவ்வளவுதான். அதுக்குள்ளயே எழுதணும், அதுக்குள்ளயே ஓட்டிப் பாக்கணும், அதுக்குள்ளயே தப்புக் கண்டுபிடிக்கணும். எழுதுற கோடிங் எல்லாம் எங்கயோ வெளிநாட்டுல ஒரு கம்ப்யூட்டர்ல கெடக்கு. நாம இங்கேருந்து எட்டிப் பாக்குறோம். முன்னாடி மாமாவுக்குப் பெரிய லேப்டாப்பு இருந்துச்சு, கம்பெனிக்காரன் அத வாங்கிக்கிட்டு எல்லாருக்கும் இதக் குடுத்துட்டான். செலவு கம்மியாம். திருட்டுப் போனாலும் உள்ள ஒண்ணும் இருக்காதாம். என் கூட்டாளி பஷீர் இதப் பாத்துட்டு, "என்ன மாப்ள, டப்பா காலியா இருக்கு"ன்னான்.

தடவிக்கிட்டே இருக்கேன்ல, அது எதுக்குன்னா, இந்த ஓரத்துல மாமா பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி இருக்கு. மெட்ராஸ்ல அவருக்கு மேல இருக்குற சுபாஷிணி மேடத்துக்கும் அது தெரியும். பச்சையா இருந்தா ஆளு சீட்டுல உக்காந்து வேலை பாக்குறாருன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் தொடாம விட்டா மஞ்சளாயிரும். இன்னும் கொஞ்சம் விட்டாப் பூட்டிக்கும். மறுபடி தொறக்கணும்னா மாமா போனுக்கு ஒரு நம்பர் வரும், அதப் பாத்து அடிக்கணும். போனு மாமா சட்டப் பையில. மாமா உள்ள. மூடுனாலும் அதே கததான். லீவு போட வேண்டியதுதானேன்னு நீங்க நெனைக்கலாம். லீவெல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்கே தீந்துபோச்சுண்ணே.

நீங்க லாரிதான ஓட்டுறீங்க? லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருக்கீங்களா? இல்ல, மங்கலாத் தெரியுதா? சரி, சொல்ல வேணாம். எங்க மாமாவும் சொல்ல மாட்டாரு. ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டாரு. தேனியிலயே கண்ணாஸ்பத்திரி இருக்கு, ஆனா அங்க போனா யாராவது தெரிஞ்சவங்க பாத்துருவாங்கன்னு மதுரைக்கு வர்றாரு. அக்காகிட்ட ஆபீஸ் மீட்டிங்னு சொல்லிட்டு. அப்ப நான் எதுக்குக் கூட வர்றேன்னா, "பையனும் நாலு ஆபீஸப் பாக்கட்டும்"ங்கிறாரு. பாத்துக்கிட்டு இருக்கேன்.

என் கதையச் சொல்றேன், உங்களுக்கும் பொழுது போகும்.

நான் பன்னெண்டாவதுல பாதியில நின்னுட்டேன். ஃபெயிலாகல. நின்னுட்டேன். ரெண்டும் வேற. கெமிஸ்ட்ரி சாரு ஒருநாள், "சுருளி, நீ எதுக்குடா பள்ளிக்கூடத்துக்கு வர்ற?"ன்னு கேட்டாரு. யோசிச்சுப் பாத்தேன். மறுநாள்ல இருந்து போகல. எல்லாரும் பின்னாடி ஏதோ பெரிய கத இருக்குன்னு நெனைக்கிறாங்க. லவ்வான்னு கேட்டாங்க. ஒரு கதையும் கிடையாதுண்ணே.

எனக்கு எதையாவது கழட்டணும். அதான் ஆச. பஷீருக்கு கம்பத்துல செல் கடை, அவங்க அண்ணன் போட்டுக் குடுத்தது. செத்த போனக் குடுத்தா நான் பிரிச்சு, ஈயம் பத்த வெச்சு, உசுரு குடுத்துருவேன். எனக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருந்தான். திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லியிருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணுச்சு. "டேய், மாமா உனக்குக் கம்ப்யூட்டர் வேலை கத்துக் குடுக்கிறேங்கிறாருடா. தேனிக்குக் கெளம்பி வா. படிப்ப விட்டுட்டுத் திரியிற உனக்கு, தானா வந்து கத்துத் தர்றேன்னு சொல்ல எந்த மாமா இருக்காரு?"

அம்மா அழுதுருச்சு. சந்தோசத்துல. வேற வழி? போனேன்.

மொத நாளு மாமா ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்துனாரு. இதத் தொறந்து வெச்சு, "மாப்ள, இதக் கொஞ்சம் வாசி"ன்னாரு. நான் பட்டுனு, "ஏன் மாமா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?"ன்னு கேட்டுட்டேன். எனக்கு வாய் அப்படி. அவரு கதவு சாத்தியிருக்கான்னு ஒருதடவ பாத்துக்கிட்டாரு. அப்புறம், "நடுவுல அழிஞ்சுபோச்சுடா"ன்னாரு.

எதப் பாத்தாலும் நடுப்பக்கம் இருக்காதாம் அவருக்கு. ஓரமெல்லாம் தெரியும். நடக்குறாரு, படி எறங்குறாரு, தண்ணி மொண்டு குடிக்கிறாரு, பாக்குறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனா நேராப் பாத்தா அந்த எடத்துல சாம்பலா ஒரு மொத்தை. "உன் காது ரெண்டும் தெரியுது மாப்ள, மூஞ்சியக் காணோம்"ன்னாரு. எழுத்து ஒண்ணுகூடப் புடிபடல. ஒரு கண்ணுல ஆரம்பிச்சு மத்ததுக்கும் வந்துருச்சாம்.

"அக்காகிட்டச் சொல்லாத. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஒரே மெயில்ல வீட்டுக்கு அனுப்பிருவானுங்க"ன்னாரு. சொல்லிட்டு என் தலையில கைய வெச்சுட்டாரு. அப்புறம் நான் எங்கிட்டுப் போக?

அக்காவ நெனச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்கும். காலைல எனக்கு இட்லி வெச்சுக்கிட்டே சொல்லும், "உங்க மாமா இப்பல்லாம் என் மூஞ்சியப் பாத்தே பேசுறதில்லடா. அங்கிட்டுத் திரும்பிக்கிட்டுப் பேசுறாரு. நான் என்ன பண்ணேன்?" அவரு அங்கிட்டுத் திரும்புனாத்தான் உன்னையப் பாக்க முடியுதுக்கான்னு சொல்லணும்போல இருக்கும். வாயில இட்லி இருக்கும். முழுங்கிட்டு, "தெரியலக்கா"ம்பேன்.

கோடிங் வாசிக்கிறது பேப்பர் வாசிக்கிற மாதிரி கெடையாதுண்ணே. ஒவ்வொரு புள்ளியையும் சொல்லணும். ஒரு புள்ளி விட்டாலும் மொத்தமும் நின்னுபோகும். மொதல்ல நான், "கர்லி பிராக்கெட் ஓப்பன், ஸ்கொயர் பிராக்கெட் குளோஸ்"னு இழுத்துக்கிட்டு இருந்தேன். பாதி வரி வர்றதுக்குள்ள அவருக்கு முன்பாதி மறந்துபோகும். அப்புறம் நாங்களே பேரு வெச்சுக்கிட்டோம். நெளிஞ்ச அடைப்பு ஒண்ணு வரும், அதுக்கு மீசை. மீசை திற, மீசை மூடு. சதுர அடைப்புக்குப் பெட்டி. புள்ளிக்குக் கீழ வாலு இருந்தா புள்ளிவால். அடியில கோடு கெடந்தா தரை. ஒரு வரி உள்ள தள்ளி ஆரம்பிச்சா மேசைய ஒரு தட்டு. இன்னும் உள்ள தள்ளியிருந்தா ரெண்டு தட்டு. "டொக் டொக், இஃப், பார்சல் தரை நம்பர், மீசை திற." இப்படியே போகும். அக்கா சமையக்கட்டுல இருந்து, "ஏன்டா, கம்ப்யூட்டர் கத்துக்கிறியா, தவில் கத்துக்கிறியா?"ன்னு கேக்கும்.

இப்ப நான் வாசிக்கிற வேகம் யாருக்கும் வராது. பெருமைக்குச் சொல்லல. உள்ளதச் சொல்றேன்.

அவரு கண்ண மூடிக்கிட்டு நாற்காலியில சாஞ்சுருவாரு, இப்ப நீங்க சாஞ்சிருக்கீங்கல்ல, அப்படி. நான் வாசிச்சுக்கிட்டே போவேன். திடீர்னு, "நிப்பாட்டு. மேல ரெண்டு தட்டு தட்டுனியே, அந்த வரிக் கடைசியில புள்ளிவால் இல்ல"ம்பாரு. போயிப் பாத்தா இருக்காது. "இதே மாதிரி போன வாரம் வேற எடத்துல எழுதுனோம், அத எடுத்து இங்க போடு"ம்பாரு. போட்டா ஓடும். அவரு வாயால சொல்லுவாரு, அவ்வளவுதான். எழுதுறது பூராம் நான். இன்னைக்கு எவனோ ஒருத்தன் என் பார்சல் எங்க வந்துக்கிட்டு இருக்குன்னு போன்ல பாக்குறான்ல, அந்தக் கொரியர் கம்பெனி ஆப்பு நான் தட்டுனதுண்ணே. இந்த விரலு. மாமாவுக்குச் சம்பளம் வருது, எனக்கு இட்லி வருது. ஆனா வேலை யாரு பாக்குறா? நீங்களே சொல்லுங்க.

ஒரே ஒருதடவ தப்பாயிருச்சு. கொட்டாவி வந்துச்சு, ஒரு வரிய விட்டுட்டேன். மாமா சரின்னாரு, நான் ஏத்திவிட்டேன். அன்னைக்கு லாரிய விட்டு எறங்காத பார்சலுக்கெல்லாம் 'உங்கள் பார்சல் வந்து சேர்ந்தது'ன்னு மெசேஜ் போயிருச்சு. ஊரு பூராம் வஞ்சானுங்க. சுபாஷிணி மேடம் மீட்டிங்ல மாமாவப் புடிச்சு உலுக்கிருச்சு. மாமா, "என் தப்புத்தான் மேடம், நான் சரியாப் பாக்கல"ன்னாரு. நான் கேமராவுல விழாம ஓரத்துல உக்காந்திருக்கேன், எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு. வாயப் பொத்திக்கிட்டேன். மீட்டிங் முடிஞ்சதும் அவரு, "வாசி மாப்ள"ன்னாரு. நானும் வாசிச்சேன். ஒரு வரி குறையுதுன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கணும்ல? எல்லாத்தையும் நானே பாக்க முடியுமா?

வெளிய போக முடியாது. அதான் கொடும. டீக்கடைக்குப் போனா போன் வரும், "மாப்ள, மஞ்சளாயிருச்சா வந்து பாரு." வீரபாண்டித் திருவிழாவுக்கு வருசாவருசம் போவேன். இந்த வருசம் அக்கா, மாமா, நான், எல்லாரும் போனோம். ராட்டினத்துக்குக் கியூவுல நிக்கிறேன், மேடம் கூப்பிட்டுருச்சு. ஏதோ அவசரமாம். ராட்டினத்துக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் மாமாவும் நானும் குத்தவெச்சு உக்காந்து, இத மடியில விரிச்சு, அந்தச் சத்தத்துல தொண்ட கிழிய வாசிக்கிறேன். "மீசை திற! மீசை மூடு!" கூட்டம் கூடிருச்சு. பெரியவர் ஒருத்தரு தேள் கொடுக்கு மாதிரி மீச வெச்சிருந்தாரு. அவரு என்கிட்ட வந்து, "என்னையவாடா சொல்ற?"ன்னாரு. மாமா சிரிச்சாரு பாருங்க. அவரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நான் சிரிக்கல. ராட்டினம் நின்னுபோச்சு.

அப்புறம் ஒருநாள் சொல்லிட்டேன். எனக்கு எதையும் மனசுக்குள்ள வெச்சுக்கத் தெரியாது. சாப்பிடும்போது, அக்கா உள்ள இருக்கும்போது மெதுவா, "மாமா, நான் உங்களுக்கு மூக்குக் கண்ணாடி கெடையாது. நான் பஷீர்கிட்டப் போறேன்"னேன்.

அவரு சோறு பெசஞ்சுக்கிட்டு இருந்தாரு. கை நின்னுச்சு. "போ மாப்ள. உன்னையக் கட்டியா போட்டிருக்கேன்?"ன்னாரு.

கட்டிப் போட்டிருந்தா அவுத்துக்கிட்டுப் போயிரலாம்ணே. போன்னு சொன்னா எப்படிப் போறது?

அன்னைக்கு மத்தியானம் அவரே தனியா உக்காந்தாரு. எழுத்த இம்மாம்பெருசாக்கி, திரைக்கு ஒரு வார்த்த தெரியிற மாதிரி வெச்சு, கழுத்தச் சாய்ச்சு, கண்ணு ஓரத்தால புடிச்சுப் புடிச்சு வாசிச்சாரு. ஒரு வார்த்த வாசிப்பாரு. நகத்துவாரு. எங்க இருந்தோம்னு மறந்துபோயி திரும்ப மொதலுக்கு வருவாரு. நான் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு கதவு நெலையில நிக்கிறேன். நான் நிக்கிறது அவருக்குத் தெரியும், ஓரம்தான் தெரியுமே. ஒரு வார்த்த கூப்பிடல. பாக்கச் சகிக்கலண்ணே. பைய எறக்கிட்டுப் போயி உக்காந்து எழுத்தச் சின்னதாக்கி, மேசைய ஒரு தட்டு தட்டி ஆரம்பிச்சேன். நானாத்தான் போனேன். அப்படித்தான் மாட்டுனேன்.

முந்தாநாள் என்னாச்சுன்னா, அதச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மாமா பல்லு வெளக்கப் போயிருக்காரு. நான் ஏதோ அடிக்கப் போயி கை தவறி ரெண்டு மூணு கீ ஒண்ணா அமுங்கிருச்சு. இது பேச ஆரம்பிச்சிருச்சு. பொம்பளக் கொரலு, இங்கிலீஷு. நான் எந்த வரிக்குப் போறேனோ அந்த வரிய வாசிக்குது. கீழ போனா கீழ உள்ளத வாசிக்குது. ஒரு புள்ளி விடாம. என்னைய விட வேகமாண்ணே. மூச்சு வாங்காம, கொட்டாவி விடாம.

கண்டதையும் அமுக்கி நிப்பாட்டிட்டேன். திரும்பிப் பாத்தா மாமா கதவுல நிக்கிறாரு, வாயில நொர.

"யாருடா அது?"

"விளம்பரம் மாமா."

"விளம்பரம் என் கோடிங்க எதுக்குடா வாசிக்குது?"

அவரு வாயத் தொடச்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாரு. "எந்தக் கீய அமுக்குன?"ன்னாரு. "தெரியல மாமா"ன்னேன். அப்ப நெசமாவே தெரியாது. பொய் சொல்லல.

அவரு குளிக்கப் போனப்ப ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். வந்துருச்சு. மூணு கீ சேந்தாப்புல. கன்ட்ரோல் ஒண்ணு, ஆல்ட் ஒண்ணு. மூணாவத உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் ஓட விட்டுக் கேட்டேன். நல்லாவே இல்லண்ணே. மீசைக்கு அது 'லெஃப்ட் பிரேஸ்'ங்குது. மேசையத் தட்டத் தெரியல அதுக்கு. உள்ள தள்ளியிருக்குறதக் கணக்காச் சொல்லிக்கிட்டே போகுது, ஒரு ராகம் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க மாமாவுக்கு எந்த எடத்துல நிப்பாட்டணும், எந்த எடத்த ரெண்டுதடவ வாசிக்கணும்னு எனக்குத் தெரியும். அவரு புருவத்தப் பாத்தே சொல்லிருவேன். அதுக்கு என்ன தெரியும்? அணச்சுட்டேன்.

குளிச்சுட்டு வந்து அவரே உக்காந்து அமுக்கிப் பாத்தாருண்ணே. அக்கா சாப்பிடக் கூப்பிடுது, கூப்பிடுது, எந்திரிக்கல. ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி எல்லாக் கீயையும் மாத்தி மாத்தி. ஒருதடவ கன்ட்ரோல்ல ஒரு விரலு, ஆல்ட்ல ஒரு விரலு, மூணாவது விரலு சரியான கீக்குப் பக்கத்துக் கீயில. "மாமா, மீட்டிங் நேரமாச்சு"ன்னேன். வெரல எடுத்துட்டாரு.

இன்னைக்குக் காலைல கெளம்புறப்ப, "உன் துணிப்பையையும் எடுத்துக்க"ன்னாரு. இங்க வந்ததும், அந்தக் கோடி ரூமுல ஒரு மேடம் இருக்குல்ல, பார்வ குறஞ்சவங்களுக்கு வழி சொல்ற மேடம், அதுகிட்டப் போனோம். மாமாவே கேட்டாரு, "லேப்டாப்பே வாசிச்சுக் காட்டுமாமே?" அது சாதாரணமாச் சொல்லுச்சு, "இனிமே கண்ணு முன்ன மாதிரி வராது சார், ஆனா வேலைய விட வேண்டியதில்ல. எங்ககிட்ட வர்றவங்க எத்தனையோ பேரு அந்தப் பேச்சக் கேட்டுத்தான் வேலை பாக்குறாங்க. உங்க லேப்டாப்புல ஏற்கெனவே இருக்கும், போட்டுப் பழகுங்க. ஆபீஸ்லயும் சொல்லிருங்க." வெளிய வந்தா மாமா ஆளே மாறிட்டாரு. பொண்ணு பாத்துட்டு வந்த மாப்பிள்ள மாதிரி நடக்குறாரு.

இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தாரு, நீங்க வர்றதுக்கு முன்ன. "மாப்ள, இன்னைக்கே சுபாஷிணி மேடத்துகிட்டச் சொல்லிர்றேன். ராத்திரிக்கு உங்க அக்காகிட்டயும் சொல்லிர்றேன். உன்னைய ரொம்பப் படுத்திட்டேன். நான் உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள நீ தேடி அந்தப் பேச்சப் போட்டு வை. நான் வெளிய வர்றப்ப அது பேசணும். அப்புறம் இத என் கையில குடுத்துட்டு, நேரா கம்பம் பஸ் ஏறிரு. பஷீர்கிட்ட நான் பேசிட்டேன்"னாரு. தோள்ல தட்டிட்டு உள்ள போயிட்டாரு.

பஷீர்கிட்ட இவரு எப்ப பேசுனாருன்னே தெரியல.

தேடவே வேண்டியதில்லண்ணே, எனக்குத்தான் தெரியுமே. அப்பப் போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேப்பீங்கன்னு தெரியும். போடலாம். போட்டுட்டுப் போலாம். பை காலுக்கடியிலதான் இருக்கு. ஆனா ஒண்ணு யோசிங்க. மேடம் நீளமா மெசேஜ் அனுப்பும், அதுல கோவம் எங்க இருக்குன்னு இந்தப் பொம்பளக் கொரலு சொல்லுமா? எல்லாத்தையும் ஒரே மாதிரி வாசிக்கும். மாமா ஏமாந்துருவாரு. இவரு நல்லதுக்குத்தான் நான் யோசிக்கிறேன்.

நீங்களே சொல்லுங்க. உங்க வண்டியில கிளீனர் இருப்பான்ல? ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நின்னு, வா, வா, வான்னு பாடியத் தட்டுவான்ல?

இல்லையா? கேமரா மாட்டிட்டீங்களா.

அப்ப அந்தக் கிளீனர் இப்ப எங்க?

தெரியாது. பாத்தீங்களா, உங்களுக்கே தெரியாது.

எனக்கு அந்த ரூமே புடிக்காதுண்ணே. புழுக்கம். ஃபேன் போட்டா மீட்டிங்ல சத்தம் கேக்குதுன்னு ஃபேனும் கெடையாது. எப்படா விடுவாருன்னு இருந்தேன். இப்ப விட்டாரு. விட்டதும் என்னன்னா, பஷீர் கடையில போயி உக்காந்தா நான் என்னத்த வாசிக்கிறது? யாருக்கு?

இருங்க, கதவு தொறக்குது. அவருதான். கறுப்புக் கண்ணாடி போட்டு விட்டிருக்காங்க. நீங்க பேசாம இருங்கண்ணே, புண்ணியமாப் போகும்.

மாமா, இங்கிட்டு. இங்கதான் இருக்கேன். பெஞ்சு இருக்கு, பாத்து.

ஆமா மாமா, பச்சையாத்தான் இருக்கு. மஞ்சளாகவே விடல.

தேடுனேன் மாமா.

இல்ல. பேசல. முந்தாநாள் பேசுச்சுதான் மாமா, இப்ப வரல. கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கானாம்.

நல்லாத்தான் மாமா தேடுனேன். அந்த மேடத்துக்கு என்ன தெரியும், அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்.

இவரா? கூட உக்காந்திருக்காரு, டிரைவரு. மருந்து விட்டிருக்கு, தூங்குறாரு.

பஸ்ஸா? போறேன், போறேன். அடுத்த பஸ்ஸுல போறேன், கம்பத்துக்குப் பஸ்ஸா இல்ல? மொதல்ல நீங்க உக்காருங்க. சுபாஷிணி மேடம் ஏதோ அனுப்பியிருக்காங்க, நீளமா இருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க.